கப்பல் நாள் விதவை

கப்பல் வரும் நாளில் ஜெய்னபாவின் ஃப்ரிட்ஜுக்குப் பழைய கட்டில் விரிப்பைப் போர்த்தி, அதன்மேல் இரண்டு வெற்றுச் சாக்குகளைப் போட்டுவிடுவார்கள். பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளிருந்து அது உறுமும். ஏழை வீட்டில் சாக்கு உறுமக் கூடாது என்பான் யாங்குபா.

யாங்குபா அவள் கணவன் அன்சுமானாவின் தம்பி. பாஞ்சுல் துறைமுகத்துக்குச் சுற்றுலாக் கப்பல் வந்தால் பயணிகளைப் பேருந்தில் ஏற்றி ஊர் காட்டும் வழிகாட்டி. ஆங்கிலம், ஜெர்மன், டச்சு மூன்றும் தண்ணீர் பட்ட பாடு. முதலைக் குளம், மரச்சிற்பச் சந்தை, இரண்டுக்கும் நடுவே 'ஒரு ஆப்பிரிக்கக் குடும்பம் வாழும் வீடு' என்று அச்சடித்த தாளில் போட்டிருக்கும். அந்த வீடுதான் பக்கா என்ற கடலோர ஊரில் இருந்த இவர்கள் குடும்ப வீடு. அந்த ஆப்பிரிக்கக் குடும்பம் ஜெய்னபாவும் அவள் இரண்டு பிள்ளைகளும்.

அந்தப் பருவத்தின் ஐந்தாவது கப்பல் பிப்ரவரி மாதம் ஒரு வியாழக்கிழமை வந்தது. காலை எட்டு மணிக்கே யாங்குபா முற்றத்தில் நின்று விரட்ட ஆரம்பித்துவிட்டான்.

"அண்ணி, செருப்பு."

"செருப்புக்கு என்ன?"

"கழட்டு. புள்ளைங்களையும் கழட்டச் சொல்லு. போன தடவை நீமா கால்ல பூப்போட்ட செருப்பைப் பார்த்துட்டு, ஒரு அம்மா குடுக்கறதுக்குக் கொண்டுவந்த செருப்பைத் திரும்பப் பைக்குள்ள வெச்சுக்கிட்டா."

"உன் கால்ல மட்டும் தோல் ஷூ பளபளன்னு மின்னுதே?"

"நான் வழிகாட்டி. நாகரிகம் அடைஞ்சவன். நீ இன்னும் அடையல."

"நானும் அடைஞ்சுட்டா அப்புறம் உன் பொழப்பு என்னாகும்?"

அவர்கள் ஊரில் அண்ணன் மனைவியும் கொழுந்தனும் ஒருவரை ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் சீண்டிக்கொள்ளலாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்தக் கேலியில்தான் முதல் இரண்டு கப்பல்களும் கடந்தன. அவளுக்கும் ஆரம்பத்தில் அது ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது. தெருமுனை மில்லில் கொடுத்தால் கால்மணி நேரத்தில் கம்பு மாவாகிவிடும். ஆனால் கப்பல் நாளில் அவளும் பக்கத்து வீட்டுத் தபாராவும் உரலைச் சுற்றி நின்று உலக்கை போட வேண்டும். ஏற்கெனவே மில்லில் அரைத்த மாவையே போட்டு இடித்தார்கள். கை தட்டிப் பாட வேறு வேண்டும். தபாரா பாடிய பாட்டில் வந்திருந்தவர்களின் தொப்பைகளைப் பற்றித்தான் எல்லா வரியும். பாஷை தெரியாமல் அவர்கள் தாளத்துக்குத் தலையாட்டுவார்கள். சிரிப்பை அடக்க ஜெய்னபா உதட்டைக் கடித்துக்கொள்வாள்.

மூன்றாவது கப்பலில் சிரிப்பு போய்விட்டது. முழங்கால் சிவந்த ஒரு ஆள் அடுப்படிக்குள் நுழைந்து, மத்தியானத்துக்கு வைத்திருந்த வேர்க்கடலைக் குழம்பின் மூடியைத் திறந்தான். ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு நக்கினான். நக்கிய விரலை மறுபடி விட்டான். அவனைச் சுற்றி நின்றவர்கள் படம் எடுத்தார்கள். அவர்கள் போன பிறகு அந்தப் பானை குழம்பை அப்படியே கொண்டுபோய்க் குப்பையில் கொட்டினாள். பானையைச் சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்த்தும் அவள் கண்ணுக்கு அந்த விரல் உள்ளேயே கிடப்பது போல இருந்தது. நாலாவது கப்பலில் ஒருத்தி குளியலறைத் தகரத்தை விலக்கி எட்டிப் பார்த்தாள். உள்ளே தபாராவின் மருமகள் தலையில் சோப்பு நுரையோடு நின்றாள். அவள் போட்ட கூச்சலையும் அந்தப் பெண் தன் கைபேசியில் பதிந்துகொண்டு போனாள்.

"போதும்டா, வேற வீடு பாரு," என்று ஜெய்னபா யாங்குபாவிடம் சொன்னாள்.

"இந்தப் பருவம் முடியட்டும் அண்ணி. ஏப்ரல் வரைக்கும்தானே? அம்மாவும் சொல்லியிருக்காங்க இல்ல?"

மாமியார் பிரிக்காமாவில் மூத்த மகள் வீட்டில் இருந்தாலும் அவர் சொல் இந்த முற்றத்தில் நடமாடிக்கொண்டுதான் இருந்தது. வீடு அன்சுமானாவின் அப்பா கட்டியது. அதில் யாங்குபாவுக்கும் பங்கு உண்டு. ஒவ்வொரு கப்பலுக்கும் அவன் ஒரு மூட்டை அரிசி கொண்டுவந்து இறக்கினான். ஜெய்னபா வாயை மூடிக்கொண்டாள்.

அவள் குஞ்சூர் மீனவர் வீட்டுப் பெண். ஆறு வருஷம் பள்ளிக்கூடம் போனதில் ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். நிதானமாகப் பேசினால் புரியும். அன்சுமானாவைக் கட்டிக்கொண்டு பக்காவுக்கு வந்தபோது அவன் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தான். மகள் நீமாவுக்கு ஆறு வயதானபோது மகன் பக்காரி கைக்குழந்தை. அப்போதுதான் அவன் டாக்சியை விற்றுவிட்டு, நூற்றுப் பத்துப் பேரோடு ஒரு மரப்படகில் ஏறி ஸ்பெயினுக்குப் புறப்பட்டான். கடலில் எட்டு நாள் என்று சொல்லியிருந்தார்கள். எட்டு நாள் ஆயிற்று, ஒன்பது ஆயிற்று, பத்தும் ஆயிற்று. அதே வாரம் கிளம்பிய வேறொரு படகு கவிழ்ந்த செய்தி வந்தது. அடுத்த தெருவில் நாலு வீட்டில் குரான் ஓதினார்கள். ஜெய்னபா கைபேசியை அடிவயிற்றில் வைத்துத் துணியால் கட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தாள். ஒரு கவளம் உள்ளே இறங்கவில்லை. மார்பில் பால் வற்றிப்போய்ப் பக்காரி வீறிட்டுக் கத்தினான். பதினோராம் நாள் விடிகாலையில் வயிற்றின்மேல் அது அதிர்ந்தது. "நான்தான்," என்றது அவன் குரல். அவ்வளவுதான் கேட்டது. அதற்குள் அவள் மயங்கிவிட்டாள்.

அதற்கப்புறம் நாலு வருஷம். அவன் ஸ்பெயினில் பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் தக்காளி பறித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் முகம் பார்த்துப் பேசுவான். அவன் அனுப்பியதும் தான் மீன் புகைபோட்டுச் சேர்த்ததும் சேர்ந்து அவள் அந்த ஃப்ரிட்ஜை வாங்கினாள். பிளாஸ்டிக் பைகளில் தண்ணீர் பிடித்து முடிச்சுப்போட்டு உறைய வைத்து விற்றாள். படகுத்துறை மீனவர்களும், செம்பருத்திச் சாறு விற்கும் பெண்களும் காலையில் அவள் வாசலில்தான் நிற்பார்கள். பக்காவில் 'ஐஸ் ஜெய்னபா' என்றால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும்.

அன்று காலையிலும் இரண்டு மீனவர்கள் வாளியோடு வந்தார்கள். யாங்குபா வாசலிலேயே மறித்தான்.

"ஐஸா? இந்த வீட்டுல இன்னும் கரண்டே கண்டுபிடிக்கல. சாயங்காலம் வாங்க."

சாக்குக்குக் கீழே நாற்பது பை ஐஸ் தண்ணீராகிக்கொண்டிருந்தது.

பத்து மணிக்குப் பேருந்து வந்து நின்றது. முப்பத்தைந்து பேர் இறங்கினார்கள். அவர்கள் பூசியிருந்த வெயில் களிம்பின் வாசனை முற்றத்தை அடைத்தது. ஜெய்னபாவும் தபாராவும் மாவை இடித்தார்கள். ஒருவர் உலக்கையை வாங்கிப் பேருக்கு இரண்டு குத்துக் குத்திவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார். ஒருவர் பக்காரியைத் தூக்கி, ஆட்டுக்குட்டியை எடை பார்ப்பது மாதிரி மேலும் கீழும் அசைத்தார்.

பிறகு எல்லாரையும் மாமரத்தடியில் உட்காரவைத்து யாங்குபா பேசினான். கப்பல் ஜெர்மன்காரர்களுடையது, பேச்சும் ஜெர்மனில்தான். ஓரிடத்தில் அவன் குரல் தழைந்தது. ஜெய்னபாவைக் காட்டினான். பிறகு கடல் இருக்கும் திசையைக் காட்டினான். அவள் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டாள். "நான் கடலைக் காட்டினதும் தலையக் குனி அண்ணி, வந்தவங்களுக்கு மரியாதை," என்று முதல் கப்பலிலேயே சொல்லிக் கொடுத்திருந்தான். அவள் குனிந்ததும் பெண்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். சிலர் கண்ணைத் துடைப்பார்கள். போகும்போது அவள் தோளை அமுக்கிவிட்டுப் போவார்கள். வெள்ளைக்காரர்களுக்குக் கடல் என்றால் ஏதோ உருக்கம் என்று அவள் நினைத்திருந்தாள்.

அன்று ஒரு அம்மாள் தோளை அமுக்கியதோடு போகவில்லை. ஜெய்னபா உட்கார்ந்திருந்த பாயிலேயே வந்து உட்கார்ந்தாள். எழுபது வயதிருக்கும். கழுத்தில் தொங்கிய அட்டையில் வால்ட்ரவுட் என்று எழுதியிருந்தது. மணிக்கட்டில் ஆண்கள் கட்டும் பெரிய வாட்ச். பட்டையில் புதிதாக ஓட்டை போட்டு இறுக்கியும் அது முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. ஜெய்னபாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"என் வீட்டுக்காரரும்," என்றாள் உடைந்த ஆங்கிலத்தில். "எட்டு மாசம்."

ஜெய்னபாவின் ஆங்கிலமும் அதே அளவுதான் என்பதால் இருவருக்கும் ஒத்துப்போயிற்று.

"எனக்கு நாலு வருஷம் ஆச்சும்மா."

"நாலு வருஷமா! தூக்கம் வருதா உனக்கு?"

"முதல்ல வராது. அப்புறம் பழகிடும். ஞாயித்துக்கிழமை பேசுவாரு."

அந்த அம்மாள் விழித்தாள். "உன்கூடப் பேசுறாரா?"

"வாராவாரம். உங்க வீட்டுக்காரர் பேசறதில்லயா?"

"நான்தான் பேசுறேன். படத்துக்கிட்ட. அவர் பேசறதில்ல."

இப்படியும் ஒரு மனுஷனா என்று ஜெய்னபாவுக்குக் கோபம் வந்தது. "எங்கதான் இருக்காரு அவரு?"

அந்த அம்மாள் மாமரக் கிளைகளுக்கு மேலே பார்த்தாள். "ஆஸ்பத்திரியில போனாரு. கடைசி நேரம் நான் பக்கத்துல இல்ல. இந்தக் கப்பலுக்கு ரெண்டு பேருக்கும் சேர்த்துதான் சீட்டு வாங்கினோம். நான் மட்டும் வந்தேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா எனக்குப் புதைக்கவாவது உடம்பு இருந்துச்சு. உன் புருஷனைக் கடல் கொண்டுபோயிடுச்சுன்னு வழிகாட்டி சொன்னாரு. உடம்பே கிடைக்கலயாமே?"

ஜெய்னபாவுக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் விளங்கியது. தழைந்த குரல், கடலைக் காட்டிய கை, வாயைப் பொத்திய பெண்கள், தான் குனிந்த தலை. ஐந்து கப்பல். ஐந்து தடவை அவள் கணவன் செத்திருக்கிறான். ஐந்து தடவையும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தலை குனிந்திருக்கிறாள்.

யாங்குபா கை தட்டி எல்லாரையும் பேருந்துக்குக் கூப்பிட்டான். அந்த அம்மாள் எழுந்தாள். வாட்சைக் கழற்றி ஜெய்னபாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள்.

"அவரோடது. உன் பையன் பெரியவன் ஆனதும் கட்டிக்கட்டும். அப்பா இல்லாத பையன்."

ஜெய்னபா அதை வாங்கிக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில் ஏன் கத்தவில்லை என்று பின்னால் எத்தனையோ தடவை தன்னைக் கேட்டுக்கொண்டாள். பேருந்து புழுதி கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

அவள் அன்சுமானாவுக்குப் போன் போட்டாள். அவன் வேலை நேரத்தில் எடுக்க மாட்டான். மூன்றாவது தடவை எடுத்தான். திரையில் அவன் முகமும் பின்னால் பச்சைப் பச்சையாகத் தக்காளிக் கொடிகளும் தெரிந்தன.

"என்ன ஜெய்னா, புள்ளைங்களுக்கு ஏதாவது..."

"உன் தம்பி உன்னைக் கொன்னுட்டான். கப்பல்காரங்ககிட்ட நீ கடல்ல செத்துட்டதாச் சொல்லியிருக்கான். என்னை விதவைன்னு காட்டியிருக்கான். அஞ்சு கப்பலா!"

அவன் அதிர்ந்துபோவான், தம்பியைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் பக்கவாட்டில் திரும்பி யாரிடமோ ஒரு நிமிஷம் என்று சைகை காட்டினான். கழுத்து வியர்வையைத் துடைத்தான்.

"அதுக்கா இப்படிக் கத்தற? வாயால சொன்னா செத்துருவேனா?"

"உனக்குத் தெரியுமா?"

"நவம்பர்ல கேட்டான். சும்மா வீட்டைக் காட்டினா அவங்க பை தொறக்க மாட்டேங்குது, ஒரு கதை வேணும்னான். சரி சொல்லிக்கோன்னேன். உனக்குத்தானே அரிசி வருது?"

"அந்தப் பதினோரு நாள்..." என்று ஆரம்பித்தாள். "அந்தப் பதினோரு நாள் நான் எப்படிக் கிடந்தேன்னு உனக்குத் தெரியாது."

"அதான் வந்து சேர்ந்துட்டேனே, இன்னும் என்ன அந்தப் பேச்சு? இன்னைக்கு என்ன நடந்துச்சு? சண்டை ஏதும் வந்துச்சா?"

"ஒரு அம்மா செத்துப்போன புருஷனோட வாட்சைப் பக்காரிக்குன்னு குடுத்துட்டுப் போறாங்க. அழுதுக்கிட்டே."

அவன் திரைக்குக் கிட்டே வந்தான்.

"என்ன கம்பெனி வாட்ச்?" என்றான் அன்சுமானா.

அவள் இணைப்பைத் துண்டித்தாள். குளியலறைத் தகரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். காலையில் குடித்த கஞ்சி முழுக்க வெளியே வந்தது. வாய் கொப்பளித்த பிறகும் அந்தக் கேள்வி நாக்கில் கசந்துகொண்டிருந்தது. தக்காளிக் கொடிகளுக்கு நடுவே வியர்த்து நின்ற அந்த முகத்தை நாலு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தவள் அவள்.

தபாரா பின்னால் வந்து நின்றாள். விஷயத்தைக் கேட்டு வாயில் அடித்துக்கொண்டாள். பிறகு வாட்சை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"அடியே, இது கனமா இருக்குடி. வித்தா ஒரு பெரிய ஃப்ரீசரே வாங்கலாம் போல. பேசாம வெச்சுக்கோ. திருடினியா? அவளாக் குடுத்தா."

"எனக்குக் குடுக்கல. விதவைக்குக் குடுத்தாங்க."

"நாலு வருஷம் தனியாப் படுத்திருக்கியே, உனக்கும் விதவைக்கும் என்ன வித்தியாசம்?"

"பைத்தியம் மாதிரிப் பேசாத. புள்ளைங்களப் பார்த்துக்கோ. கப்பல் அஞ்சு மணிக்குக் கிளம்பும்."

அவள் கடைக்குப் போகும்போது கட்டும் நல்ல துணியை உடுத்தினாள். பூப்போட்ட செருப்பைப் போட்டுக்கொண்டாள். பாஞ்சுல் போகும் பங்கு டாக்சியில் நாலு பேரோடு நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பாலத்துச் சோதனைச் சாவடியில் போலீஸ்காரன் டிரைவரின் உரிமத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக் கால்மணி நேரத்தைத் தின்றான். வாட்சை அவள் முந்தானை முடிச்சில் போட்டிருந்தாள். அது அவள் இடுப்பில் உயிருள்ள பூச்சி மாதிரி துடிப்பதாகப் பட்டது. செத்த ஒரு மனுஷனின் பொருளைப் பொய் சொல்லி வாங்கி மடியில் வைத்திருக்கிறோம் என்று நினைக்கும்போதெல்லாம் இடுப்பைச் சற்று விலக்கி விலக்கி உட்கார்ந்தாள்.

துறைமுக வாசலில் காவலாளி மறித்தான். சுவருக்கு மேலே கப்பல் வெள்ளை வெளேரென்று ஒரு தெருவையே நிமிர்த்தி வைத்தது போல நின்றது.

"எங்கம்மா, உலகம் சுத்தவா? டிக்கெட் காட்டு."

"ஒருத்தங்களைப் பார்க்கணும். ஒரு பொருள் திருப்பிக் குடுக்கணும்."

"என்கிட்டக் குடு. நான் குடுத்துடறேன்."

அவள் அவன் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "நான் இங்கயே நிக்கறேன்," என்றாள்.

"நில்லு. வெயிலுக்கு வாடகை இல்ல."

வெயிலில் ஒன்றரை மணி நேரம் நின்றாள். நாலு மணிக்குப் பேருந்து வந்து, அட்டை சோதிப்பதற்காக வாசலில் நின்றது. கதவு திறந்தது. முன் சீட்டில் மைக்கோடு உட்கார்ந்திருந்த யாங்குபா அவளைப் பார்த்ததும் குதித்து இறங்கினான்.

"அண்ணி! இங்க என்ன பண்றே?"

"வழி விடு."

"அண்ணன் போன் பண்ணிச் சொன்னாரு. கோபப்படாத. வீட்டுல பேசிக்கலாம். இங்க சத்தம் போட்டா என் வழிகாட்டி அட்டையப் புடுங்கிடுவாங்க."

"உங்கண்ணனைக் கொன்னப்போ உனக்கு நாக்கு கூசலயாடா?"

"வாயாலதான அண்ணி! ஆயிரம் பேர் நிஜமாச் செத்திருக்காங்க. அவங்க கதையத்தான் சொன்னேன். பேரை மட்டும் மாத்திக்கிட்டேன்."

"அவங்க பொண்டாட்டிங்க அடுத்த தெருவுல இருக்காங்க. அங்க கூட்டிட்டுப் போகவேண்டியதுதானே?"

"அவங்க அழுவாங்க அண்ணி. வந்தவங்களுக்குச் சங்கடமா இருக்கும்."

அவள் அவனைத் தள்ளிவிட்டுப் படியேறினாள். குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. முப்பத்தைந்து முகங்கள் அவளை நிமிர்ந்து பார்த்தன. காலையில் வெறுங்காலோடு உரலடியில் நின்றவளைச் செருப்பும் நல்ல துணியுமாக அடையாளம் காண அவர்களுக்குச் சிறிது நேரம் பிடித்தது. நாலாவது வரிசையில் அந்த அம்மாள் இருந்தாள். ஜெய்னபாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

ஜெய்னபா முடிச்சை அவிழ்த்து வாட்சை அந்தக் கையில் வைத்தாள். கைபேசியில் அன்சுமானாவின் படத்தைக் காட்டினாள். போன ஞாயிறு அனுப்பியது. தக்காளிக் கூடையைத் தூக்கிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

"என் புருஷன். உயிரோட இருக்காரு. ஸ்பெயின்ல. கடல் கொண்டுபோகல. எனக்கு இந்தக் கதை தெரியாது. இன்னைக்கு நீங்க சொல்லித்தான் தெரியும்."

பக்கத்து சீட்டுக்காரர் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். மொழிபெயர்ப்பு பின்சீட்டு வரைக்கும் போயிற்று. ஒருவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். தன் மனைவி இரண்டு சட்டை கொடுத்ததாக இன்னொருவர் ஆங்கிலத்தில் இரைந்தார். வால்ட்ரவுட் அம்மாள் படத்தைப் பார்த்தாள், ஜெய்னபாவின் செருப்பைப் பார்த்தாள், காதில் கிடந்த கம்மலைப் பார்த்தாள். மலர்ந்த முகம் மெல்ல மெல்ல இறுகிக்கொண்டே போயிற்று.

"எனக்குத் தெரியாதும்மா," என்றாள் ஜெய்னபா மறுபடியும்.

"நான் உன்கிட்ட அழுதேன்," என்றாள் அந்த அம்மாள்.

பிறகு பையிலிருந்து ஈரக் காகிதம் ஒன்றை உருவினாள். வாட்சை முன்னும் பின்னும் துடைத்தாள். பட்டையின் ஓட்டை ஓட்டையாகத் துடைத்தாள். காலையில் ஜெய்னபாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த தன் உள்ளங்கையையும், விரல் இடுக்குகளையும் துடைத்தாள். துடைத்த காகிதத்தைச் சுருட்டி எங்கே போடுவதென்று தெரியாமல் இரண்டு விரலால் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

ஜெய்னபா இறங்கினாள். பேருந்து உள்ளே போயிற்று. வாசற்சுவரில் சாய்ந்து நின்றவளுக்குக் கண்ணிலிருந்து தானாகக் கொட்டியது.

"என்னம்மா, செத்தது யாரு?" என்றான் காவலாளி.

"யாரும் சாகல."

"அதுக்கா அழற?"

அவள் காறித் துப்பினாள். யாரைப் பார்த்துத் துப்பினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த அம்மாளைக் குறைசொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. குழம்புப் பானையைச் சாம்பல் போட்டுத் தேய்த்த கை தன் கைதானே? அரைத்த மாவை இடித்தது யார், செருப்பைக் கழற்றியது யார், ஃப்ரிட்ஜுக்குச் சாக்குப் போட்டது யார்? கணவன் செத்தது மட்டும்தான் அவளுக்குத் தெரியாமல் நடந்தது. மற்றதெல்லாம் தெரிந்தே செய்தாள். டாக்சியில் திரும்பும்போது தன் உடம்பிலிருந்தே ஒரு கெட்ட வாடை வருவது போல உணர்ந்து, பக்கத்தில் இருந்தவள்மேல் படாமல் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

வீட்டில் ஐஸ் முழுக்க உருகித் தரையெல்லாம் தண்ணீர். தபாரா ஒருபக்கமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜெய்னபா சாக்கையும் விரிப்பையும் உருவி வெளியே எறிந்தாள். ஃப்ரிட்ஜை அறைக்குள்ளிருந்து இருவரும் தள்ளிக்கொண்டு வந்து, தெருவிலிருந்து பார்த்தாலே தெரியும்படி முன்வாசல் ஓரமாக நிறுத்தினார்கள். அங்கே வரைக்கும் ஒயர் எட்டவில்லை. மறுநாள் ஆள் வந்து இழுத்துக் கொடுத்தான்.

மறுநாள் மாமியார் வந்தார். குடும்ப மானத்தைப் பேருந்தில் ஏற்றிவிட்டாள் என்று ஒருபாட்டம் திட்டித் தீர்த்தார். ஜெய்னபா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"மாமி, உங்க வயித்துல பொறந்த புள்ளையச் செத்துட்டான்னு ஒருத்தன் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறான். உங்களுக்குக் குமட்டலயா?"

"குமட்டுது," என்றார் கிழவி கொஞ்சம் பொறுத்து. "ஆனா அதைச் சொன்னவனும் என் வயித்துலதானடி பொறந்தான்." சாப்பிடாமலே பிரிக்காமாவுக்குத் திரும்பிவிட்டார்.

யாங்குபாவின் அட்டையை ஒரு மாதம் பிடுங்கி வைத்திருந்தார்கள். பிறகு கொடுத்துவிட்டார்கள். மூன்று மொழி பேசுகிறவனை எத்தனை நாள் உட்கார வைப்பார்கள்? ஏப்ரலில் வந்த கடைசிக் கப்பலின் பேருந்து இரண்டு தெரு தள்ளி வேறொரு வீட்டு வாசலில் நின்றது. அங்கே என்ன கதை சொன்னானோ, ஜெய்னபா கேட்கப் போகவில்லை. அவனோடு பேசுவதை நிறுத்தவும் இல்லை. வந்தால் தண்ணீர் கொடுத்தாள். ஆனால் அவன் கேலி பேசினால் பதில் பேசுவதை விட்டுவிட்டாள். அது அவனை ரொம்பவும் வாட்டியது என்று தபாரா சொன்னாள்.

அன்சுமானா ஞாயிறு தவறாமல் போன் செய்தான். அவள் எடுத்துப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு ஐஸ் பைகளுக்கு முடிச்சுப்போடப் போய்விடுவாள். மன்னித்துவிடு என்று இரண்டு தடவை குரல் பதிந்து அனுப்பினான். இரண்டாவதில் உண்மையிலேயே அழுதிருந்தான். அவள் கேட்டாள். மனம் கொஞ்சம் இளகியதும் உண்டு. ஆனால் 'என்ன கம்பெனி' என்று கேட்டபோது அவன் கண்ணில் வந்த அந்தச் சின்ன வெளிச்சத்தை மட்டும் அவளால் அழிக்க முடியவில்லை.

அதற்கு மூன்றாம் வருஷம் அவனுக்கு அங்கே தங்குவதற்கான தாள்கள் கிடைத்து, தோபாஸ்கி என்னும் பக்ரீத் பெருநாளுக்கு ஊர் வந்தான். தலை முன்பக்கம் வழுக்கை விழுந்திருந்தது. கைகள் மருந்து பட்டு வெடித்திருந்தன. வாசலில் நின்ற மூன்று ஃப்ரீசர்களைப் பார்த்து மலைத்துப்போனான். அவனைத் திரையில் மட்டுமே பார்த்திருந்த பக்காரி யாரோ மாமா என்று நினைத்துக் கை கொடுத்தான். தெருவே வந்து கட்டிக்கொண்டு அழுதது. ஜெய்னபாவும் வெந்நீர் போட்டுக் கொடுத்தாள், புதுத்துணி எடுத்து வைத்தாள், அவனுக்குப் பிடித்த மாதிரி மீன் சோறு ஆக்கினாள். ஒரு குறையும் வைக்கவில்லை.

சாப்பிட எல்லாரும் ஒரே பெரிய பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவரவர் பக்கத்துச் சோற்றை அவரவர் உண்ண, நடுவில் மீனும் காயும் இருந்தன. அன்சுமானா நல்ல சதைத் துண்டாக ஒன்றை முள் நீக்கிப் பிய்த்து, விரலால் அவள் பக்கம் தள்ளி வைத்தான். கல்யாணமான புதிதில் அப்படித்தான் செய்வான். அவள் கவனிக்காதவள் மாதிரி அதைச் சுற்றியிருந்த சோற்றை எடுத்துச் சாப்பிட்டாள். இந்தப் பக்கம் சாப்பிட்டாள், அந்தப் பக்கம் சாப்பிட்டாள். பாத்திரத்தின் அடி தெரிந்தபோது அந்தத் துண்டு மட்டும் அப்படியே இருந்தது. நீமா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அதை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு கை கழுவ எழுந்தாள்.